தலைப்பிரசவமும் மூன்று கப்பல்களும்

ஜோகூருக்குப் போய்வந்தவன் என்று தெரிந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் புலியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். புலியை நான் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் பூட்டிய கதவுகள். அவற்றின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, மிகுந்த மரியாதையோடு நாளைக்கு வரச் சொல்லும் மனிதர்கள். புலியாவது இன்றைக்கே முடிவு சொல்லியிருக்கும்.

ஜில்லா கச்சேரியில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். ஒரு மனு எந்த மேஜைக்குப் போகும், எந்த மேஜையில் தூங்கும், தூங்கினால் யாரைக் கொண்டு எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தத் தைரியத்தில்தான் கடல் தாண்டினேன்.

போன காரியம் ஒன்றே ஒன்று. என் மகளைத் தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு அழைத்துவர வேண்டும். லாயாங் லாயாங் ஸ்டேஷனிலிருந்து ஆறு மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, இருந்தவருக்கு அவளைக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கர்ப்பம் என்று எழுதிய கடிதத்திலேயே, "அம்மாகிட்டதான் பெத்துக்கணும், இங்கே வேண்டாம்" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள். காரணமும் எழுதியிருந்தாள். அடுத்த தோட்டத்துக் கிராணியின் மனைவி, இவள் வயதுக்காரி, முந்தின வருஷம் தலைப்பிரசவத்தில் இறந்துபோனாள். பார்க்கப் போனவர்களில் இவளும் ஒருத்தி. தோட்டத்தில் வைத்தியம் என்று இருந்தது ஒரு டிரசர். மருந்து கலக்குவார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார். ஆண்பிள்ளை. அவரை அறைக்குள் விடுவதைவிடச் சாவதே மேல் என்பது என் மகளின் கட்சி.

மருமகனே கொண்டுவந்து விட்டிருக்கலாம். ஆனால் அந்த வருஷம் ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். லீவு கேட்ட கிராணிக்குத் திரும்பி வர நாற்காலி இருக்காது. ஆகவே நான் கிளம்பினேன். என் மனைவி வாசலில் நின்று சொன்னது இது: "போங்க, கையோட கூட்டிக்கிட்டு வாங்க. அங்க போயும் கச்சேரி நடத்தாதீங்க."

கப்பல் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டாம் வகுப்பில் போன என்னை ஒரு டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு இறங்க விட்டார். மலிவு டிக்கெட்டில் திறந்த தளத்தில் வந்தவர்களை மந்தைபோல் ஓட்டி ஒரு தீவில் அடைத்தார்கள். அம்மையும் வாந்திபேதியும் டிக்கெட்டைப் பார்த்துத்தான் தொற்றும் என்று மருத்துவ சாஸ்திரம் கண்டுபிடித்திருப்பதை அன்றுதான் அறிந்தேன். சிங்கப்பூரிலிருந்து ரயில் கடல்மேல் கட்டிய பாலத்தைத் தாண்டியதும் ஜோகூர். அதன் பிறகு லாயாங் லாயாங் வரைக்கும் ஜன்னலில் ரப்பர் மரம், ரப்பர் மரம், ரப்பர் மரம்.

நான் போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு ஆறு மாதம் முடிய நாலு நாள் பாக்கி. ஏழாம் மாதத்தை ஒட்டி வளையல் போட்டு அழைத்துப் போகலாம். எட்டில் கர்ப்பிணியைப் பயணம் கிளப்பக்கூடாது. இது எங்கள் வழக்கம். ஏழு மாதம் முடிந்தவளைக் கப்பலில் ஏற்றுவதில்லை என்பது கம்பெனியின் விதி. என் மனைவியும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியும் ஒத்துப்போன விஷயம் உலகத்தில் அது ஒன்றுதான். கப்பல் பதினைந்து நாளைக்கு ஒன்று, வெள்ளிக்கிழமை புறப்படும். எண்ணிப் பார்த்தேன். மூன்று கப்பல்கள் கைவசம் இருந்தன. தாராளம் என்று நினைத்தேன்.

முதல் கப்பலுக்கு முந்தின திங்கட்கிழமை நல்ல முகூர்த்தத்தில் வளையல் போட்டாயிற்று. தொழிலாளர் லயத்துப் பெண்கள் வந்து பாடினார்கள். மகள் அன்று மாலையே பெட்டியைக் கட்டிவிட்டாள். பஞ்சாங்கத்தைப் பிரித்தேன். வெள்ளிக்கிழமைக் கப்பலைப் பிடிக்க வியாழக்கிழமை கிளம்ப வேண்டும். தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் தெற்கே இருக்கிறது. வியாழனன்று தெற்கே சூலம். முந்தின நாளே கிளம்பி ஒரு ராத்திரி சிங்கப்பூரில் தங்கலாமென்றால் புதன் கரிநாள்.

"சூலத்துக்குத்தான் பரிகாரம் இருக்கே, மாமா," என்றார் மருமகன். "தெற்கே போறதுன்னா தைலம். தலையில ஒரு சொட்டு எண்ணெய வெச்சிக்கிட்டுக் கிளம்பலாம்."

"பரிகாரம் அவசரத்துக்குப் போறவனுக்கு மாப்பிள்ளை. நமக்கென்ன அவசரம்? இன்னும் ரெண்டு கப்பல் இருக்கு."

மகள் கட்டிய பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். "எண்ணெய் நான் வெச்சிக்கிறேன்பா. தலை நிறைய வெச்சிக்கிறேன். போலாம்பா," என்றாள்.

பிள்ளைத்தாய்ச்சி விஷயத்தில் குறுக்குவழி கூடாது என்று சொல்லிப் பஞ்சாங்கத்தை மூடினேன். முதல் கப்பல் நாங்கள் இல்லாமல் போயிற்று.

இரண்டாவது கப்பலுக்கு நான் அசட்டையாக இல்லை. கர்ப்பிணிகள் பயணத்துக்குத் தகுதியானவர்கள் என்று சர்க்கார் டாக்டர் ஒருவரிடமிருந்து கடிதம் வேண்டும் என்று கம்பெனி விதியில் இருப்பதைப் பஞ்சாங்கத்தை மூடிய பிறகுதான் கவனித்தேன். முதல் கப்பல் போன அதே வெள்ளிக்கிழமை காலை, நிலவரம் அறிந்துவர நான் மட்டும் ரயிலேறினேன். செடெனாக், கூலாய் எல்லாம் தாண்டி இரண்டு மணி நேரம் போய்த் தலைநகரில் இறங்கி, சர்க்கார் ஆஸ்பத்திரியைத் தேடிப் போனால் ஆபீஸ் கதவில் பூட்டு. பலகையில் ஏதோ எழுதியிருந்தது. அந்த ராஜ்யத்தில் சர்க்கார் எழுத்தெல்லாம் மலாய் மொழியில், அரபு லிபியில், வலமிருந்து இடம். தமிழும் இங்கிலீஷும் தெலுங்கும் படிக்கத் தெரிந்தவன் நான். அங்கே கைநாட்டுக்காரன். வாசலில் இருந்த மலாய்க்காரச் சேவகர் எழுந்து நின்று, வலது கையை நெஞ்சில் வைத்து, "பெசோ" என்றார். நாளைக்கு என்று அர்த்தம் என்பதை ஸ்டேஷனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கே வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். டாக்டர் யாழ்ப்பாணத்துத் தமிழர். பரிசோதித்துக் கடிதம் கொடுத்தார். அதைச் சிவப்பு நாடாவால் கட்டி என் காகிதக் கட்டில் வைத்தபோது, வேலை தெரிந்தவனுக்கு எந்த ஊரும் சொந்த ஊர்தான் என்று தோன்றியது. கப்பலுக்குப் பதின்மூன்று நாள் முன்னதாகவே எல்லாம் தயார்.

கப்பல் புறப்படும் வாரம் செவ்வாய்க்கிழமை டிக்கெட்டுக்காகச் சிங்கப்பூர் போனேன். கம்பெனி ஏஜெண்டின் ஆபீஸில் இருந்த சீனக் குமாஸ்தா கடிதத்தை வாங்கிப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடிதம் ஏழு நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் செல்லாதாம்.

"இது எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டேன்.

காட்டினார். அடியில், பொடி எழுத்தில். முப்பத்திரண்டு வருஷம் அதே பொடி எழுத்தைக் காட்டி நான் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று அப்போது நினைக்கவில்லை. அவரைத் திட்டிக்கொண்டே திரும்பினேன். மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அது மலாய்க்காரர்களின் நோன்பு மாதம். ஆபீஸ் பன்னிரண்டு மணிக்கே மூடிவிடுகிறது. எங்கள் ரயில் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தது. அதே சேவகர், பசியில் காய்ந்த முகத்தோடு, அதே மரியாதையோடு, "பெசோ" என்றார். மறுநாள் மத்தியானத்தோடு டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள்; அதற்குள் கடிதம் வாங்கிச் சிங்கப்பூர் போய்ச் சேர நேரமில்லை. திரும்பும் ரயிலில் மகள் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாவது கப்பல்தான் கடைசி. அதைத் தவறவிட்டால் எட்டாம் மாதம். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இந்தத் தடவை கணக்காகத் திட்டமிட்டேன். கப்பலுக்கு ஏழு நாள் முன்பு வெள்ளிக்கிழமை, விடுமுறை. சனிக்கிழமை மகளோடு போனேன். டாக்டர் தோட்டங்களைப் பார்வையிடப் போயிருந்தார். சேவகர் எழுந்து, நெஞ்சில் கை வைத்து, "பெசோ" என்றார். இதற்குள் அந்தச் சொல்லின் உள்ளர்த்தம் எனக்குப் புரிந்துவிட்டது என்று எண்ணம்: தலையெழுத்து இருந்தால் பார்க்கலாம் என்பதை அந்த ஊரில் அப்படிச் சொல்வார்கள். அது போகட்டும், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வேறு. திங்கட்கிழமை வருவது என்று முடிவு செய்து வீட்டுக்குத் திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை நான் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். பகலில் நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை ஸ்டேஷனுக்குப் போக வாடகைக் கார் வரவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரே கார், ஓட்டியவர் ஒரு சீனர். மறுநாள் சீனப் புதுவருஷம் என்பதால் தன் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு வாரம் வரமாட்டார். துரையின் காரைக் கேட்டால் என்ன என்றேன். மருமகன் என்னை ஒரு பார்வை பார்த்தார். வேலை ஊசலாடிக்கொண்டிருக்கும்போது எஜமான் காரைக் கேட்கும் குமாஸ்தாவை நானும் என் கச்சேரியில் பார்த்ததில்லை. மாட்டுவண்டியில் அந்த ஆறு மைல் ரோட்டில் ஏழு மாதக் கர்ப்பிணியை ஏற்றத் துணியவில்லை. மகளை விட்டுவிட்டு, ஒரு சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து ஸ்டேஷன் போய், அடுத்த ரயிலைப் பிடித்து நான் மட்டும் போனேன்.

டாக்டர் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பிள்ளைத்தாய்ச்சியைப் பாக்காமல் எப்பிடி ஐயா கடிதம் தாறது?" என்றார். "நேற்றுக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே? விடிய எட்டு மணியில இருந்து நான் இங்கதானே இருந்தனான்."

"நேற்று ஞாயிற்றுக்கிழமை."

"ஓம், ஞாயிற்றுக்கிழமைதான். வெள்ளிக்கிழமை லீவு விடுற ஊரில ஞாயிறு வேலைநாள்தானே. இதுக்கும் ஒரு சர்க்குலர் வேணுமோ?"

வெள்ளிக்கிழமை மூடுகிறார்கள் என்று தெரிந்துகொண்ட எனக்கு, அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை திறக்கிறார்கள் என்று தோன்றவே இல்லை. வாசலில் இருந்த சேவகர் ஒரு தடவையாவது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். நாளைக்கு என்றால் நாளைக்கேதான்.

"இனி?" என்று கேட்டேன்.

"நாளைக்குச் சீன வருஷம். பிறகு நோன்பு முடிஞ்சு ஹரி ராயாப் பெருநாள். எல்லாம் இந்த ஒரு கிழமைக்குள்ள வந்திட்டுது. ஆபீஸ் திறக்க உங்கட கப்பல் போயிடும்."

போதாததற்கு அந்தச் செவ்வாய்க்கிழமை அமாவாசையும் கூட. சீனர், மலாய்க்காரர், வெள்ளைக்காரர், நாங்கள் என்று நாலு காலண்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஊசியால் குத்திப் பார்த்தேன். காரும் டாக்டரும் சேர்ந்து அகப்படுகிற ஓட்டை ஒரே நாளில்தான் விழுந்தது. அன்றைக்கு நான் எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தூங்கியிருக்கிறேன்.

வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னேன். டாக்டரையும் கம்பெனியையும் சீனரையும் சேவகரையும் தனித்தனியாகக் கண்டித்துச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாலு வாரமாகக் கட்டி வைத்திருந்த பெட்டியை அவிழ்த்தாள். புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள்.

"அடுத்த தோட்டத்து அக்கா போனப்ப அவங்க கையைப் பிடிச்சிக்கக்கூட யாரும் இல்லப்பா," என்றாள். நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்ததை நிறுத்திக்கொண்டேன்.

ஊருக்குத் தந்தி கொடுத்துவிட்டு நான் அங்கேயே தங்கினேன். குழந்தை குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பே புறப்பட்டது. எல்லாம் தாமதமாகும் அந்த ஊரில் முன்கூட்டி வந்தது அது ஒன்றுதான். காலை ஒன்பது மணி இருக்கும். மருமகன் ஆபீஸில் இருந்தார். டிரசரை அழைத்துவரச் சொன்னேன். அவர் வாசற்படி ஏறியதும் உள்ளேயிருந்து, "அவர் உள்ள வந்தா நான் கிணத்துல போய் விழுவேன்!" என்று மகள் கத்தினாள். நல்ல மனிதர், அப்படியே திரும்பி வாசலில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்து வீட்டுக் கங்காணியின் மனைவி யாரிடமும் உத்தரவு கேட்காமல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள மலாய்க் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, ஆள் அனுப்பிவிட்டாள்.

அரைமணியில் மருத்துவச்சி வந்தாள். பிடான் என்பார்கள். ஐம்பது ஐம்பத்தைந்து வயது, சாரோங், வாயில் வெற்றிலை. கையில் ஒரு துணிமூட்டை. நான் வழியில் நின்றேன். சர்க்கார் லைசென்ஸ் இருக்கிறதா என்று கங்காணியின் மனைவியைக் கேட்கச் சொன்னேன்.

மருத்துவச்சி என்னை ஏற இறங்கப் பார்த்து, "துங்கு" என்றாள்.

"என்ன சொல்லுது?"

"பொறுன்னு சொல்லுது ஐயா. கொஞ்சம் தள்ளிக்குங்க."

தள்ளிக்கொண்டேன். உள்ளே போனவள் ஐந்து நிமிஷத்தில் கங்காணியின் மனைவியை வெளியே அனுப்பினாள். "ஐயா, வீட்டுல பூட்டி வெச்சது, கட்டி வெச்சது, மூடி வெச்சது, எல்லாத்தையும் தொறக்கணுமாம். அப்பத்தான் புள்ளைக்கு வழி தொறக்குமாம்."

"இதெல்லாம் மூட நம்பிக்கை," என்றேன்.

உள்ளே வலியில் முனகிக்கொண்டிருந்த என் மகளின் குரல் வந்தது. "வியாழக்கிழமை தெக்கே போகக்கூடாதுன்னு இங்க உக்கார வெச்சது யாருப்பா? தொறங்க!"

திறந்தேன். ஜன்னல்களைத் திறந்தேன். அரிசி டின், ஊறுகாய் ஜாடி, மருமகனின் அலமாரி, என் டிரங்குப் பெட்டி. ஆடு கட்டியிருந்த கயிற்றைக் கங்காணியின் மனைவி அவிழ்த்துவிட்டாள். அது நேரே துரை பங்களாப் பக்கம் போயிற்று. முடிந்தது என்று நினைத்தபோது மருத்துவச்சியே கதவோரம் வந்து நின்று, திறந்த டிரங்குக்குள் விரலை நீட்டினாள். சிவப்பு நாடா போட்ட என் காகிதக் கட்டு.

"அது ரிக்கார்டு," என்றேன் தமிழில்.

அவள் விரலை எடுக்கவில்லை. முடிச்சை அவிழ்த்தேன். நானே போட்ட கச்சேரி முடிச்சு, சுலபத்தில் அவிழாது. பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. செல்லாத கடிதம், கம்பெனி விதிகள், என் குறிப்புகள் எல்லாம் திறந்த ஜன்னல் காற்றில் தரையெங்கும் பறந்தன. ஒரு கோழி உள்ளே வந்து விதிகளின்மேல் நடந்தது. துரத்தப் போனேன். அப்போது உள்ளே மகள் அலறினாள். அதற்கு மேலே இன்னொரு குரல், தாழ்ந்த, சாவகாசமான குரல், மலாயில் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நான் கோழியை விட்டுவிட்டு அப்படியே நின்றேன். டிரசர் வாசலில் எழுந்து நின்றார்.

பன்னிரண்டு மணிக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

அதன் பிறகு ஒரு மாதம் அந்த அம்மாள் தினமும் வந்தாள். கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றி வயிற்றில் வைத்தாள். நீளத் துணியால் இடுப்பை இறுக்கிக் கட்டினாள். என் மனைவி கடிதத்தில் எழுதியிருந்த பத்தியத்தை நான் படித்துக் காட்டுவேன், மகள் கேட்டுக்கொள்வாள், பிறகு அந்த அம்மாள் சொன்னதைச் சாப்பிடுவாள். எங்கள் வீட்டில் கூடாததெல்லாம் அங்கே கூடும், அங்கே கூடாததெல்லாம் எங்களுக்கு மருந்து. இரண்டு நாள் வாதாடினேன். மூன்றாம் நாள் அந்த அம்மாள் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். இரண்டு கையும் அதற்கே வேண்டியிருந்தது.

ஊருக்கு நான் தனியாகத்தான் திரும்பினேன். "இனிமே என்னப்பா அவசரம்? பொறந்தாச்சு. இவ நடக்கட்டும், நாங்களே வர்றோம்," என்று மகள் சொல்லிவிட்டாள். தாய்வீடு எதற்காக வேண்டுமென்று கேட்டாளோ, அந்த வேளை போய்விட்டது. அதை எந்தக் கப்பலும் திரும்பக் கொண்டுவராது.

வீட்டில் என் மனைவியிடம் மூன்று கப்பல்களையும் வரிசையாக விவரித்தேன். நோன்பு, பொடி எழுத்து, சீன வருஷம் ஒன்றையும் விடவில்லை. அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் ஒரே கேள்வி கேட்டாள்.

"யாரு பிடிச்சிக்கிட்டா அவளை?"

"ஒரு மலாய்க்கார அம்மா."

"பேரு?"

மனுதாரர் பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது என்று முப்பத்திரண்டு வருஷம் கேட்டுக் கேட்டு எழுதியவன் நான். லைசென்ஸ் கேட்டேன்; பெயரைக் கேட்கவில்லை. ஒரு மாதம் தினமும் பார்த்தவளை.

"பிடான்னுதான் கூப்பிடுவாங்க," என்றேன்.

"அது தொழிலு. பேரு கேட்டேன்." முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். தன் சாந்திமுகூர்த்தத்துக்கு எடுத்த பட்டுப்புடவையோடு வந்தாள். "இதை அவங்களுக்கு அனுப்புங்க."

"அவர்கள் புடவை கட்டுகிறதில்லை."

"கட்டாட்டிப் போகட்டும். வெச்சிக்கட்டும். என் இடத்துல நின்னவங்க."

தபாலாபீஸில் கடல் கடந்த பார்சலுக்கு உண்டான தாளை வாங்கி எழுத உட்கார்ந்தேன். பெறுபவர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. பிடான், மேற்பார்வை மருமகன் என்று எழுதலாமா என்று தபால் குமாஸ்தாவைக் கேட்டேன். சின்னப் பையன், என் கீழ் வேலை பார்த்தவரின் மகன். "பேரில்லாம பார்சல் எடுக்க ரூல் இல்லீங்க, ஐயா," என்றான்.

"ரூல் எனக்குத் தெரியும்," என்று சொல்லிப் பார்சலைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். பெயரைக் கேட்டு மகளுக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். பதில் வர ஒரு மாதம் ஆகும் என்றேன் மனைவியிடம். அவள் புடவையைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. நான் எழுதுகிற மேஜைமேல், பஞ்சாங்கத்தையும் மைக்கூட்டையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் வைத்துவிட்டுப் போனாள்.